சிறு விமானமும் புது எஞ்சினும்



இன்றைய பேச்சை ஒரு கேள்வியோடு தொடங்குகின்றேன். அமெரிக்க நாட்டில் கான்ஸஸ் மாநிலத்தைச் சேர்ந்த விசிட்டா என்னும் நகரத்தில் பீச் விமானக் கம்பெனியார் இரண்டு சிறு விமானங்களைச் செய்து வெளியிட்டனர். 1958-இல் முதன்முதலாகப் பறந்தது ‘குவீன் ஏர்’. 1964 ஜனவரியில் பறந்தது ‘கிங் ஏர்’. முன்னது அரசி, பின்னது அரசன். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இறக்கையிலும் உடலமைப்பிலும் ஒன்றன் சாயல் மற்றதில் தெளிவாகத் தெரியும். ஆயினும் வழக்கமான குவீன் ஏர் விமானத்தின் சாளரங்கள் சதுரப்பாங்கானவை; கிங் ஏர் விமானத்தின் சாளரங்களோ வட்டமானவை. அரசிக்குச் சதுரமும் அரசனுக்கு வட்டமும் ஏன் வந்தன? அழகுக்காகவா? அன்று. எஞ்சின் மாறிற்று; அதனால் சாளரமும் மாறிற்று. எஞ்சினுக்கும் சாளரத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அந்த உறவை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

எவ்வகை விமானத்தைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வோம். அமெரிக்க விதியின்படி, புறப்படும்போது 12,500 பவுண்டு, அதாவது 5,670 கிலோகிராம் எடைக்கு மேற்படாதது சிறு விமானம் எனப்படும். இந்த வரம்புக்குள், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்களைப் பூண்டு, ஆறு பேர் முதல் பத்துப் பேர் வரை ஏற்றிச் செல்லும் விமானங்கள் பல உண்டு. 1950-களில் பிறந்த இவ்வகை விமானங்கள், மோட்டார் காரில் உள்ளது போன்ற பிஸ்டன் எஞ்சின்களையே பெரும்பாலும் பூண்டிருந்தன. பின்னர் அவற்றின் இடத்தில் டர்போப்ராப் என்னும் சுழல் எஞ்சின்களைப் பொருத்தும் வழக்கம் தோன்றிற்று. சில வேளை விமானத்தைச் செய்த கம்பெனியே இதனைச் செய்தது. சில வேளை வேறு பட்டறையார் பழைய விமானங்களை வாங்கி மாற்றி அமைத்தனர். பழைய விளக்கை எடுத்துவிட்டுப் புதிய விளக்கை மாட்டுவது போன்ற எளிய செயலாக இது தோன்றலாம். அவ்வாறன்று என்பதைப் போகப் போகக் காண்பீர்கள்.

பிஸ்டன் எஞ்சினில் என்ன குறை? குறை என்பதைவிட எல்லை என்பதே பொருந்தும். குவீன் ஏர் 80 என்னும் மாதிரியில் இருந்த எஞ்சின் ஒவ்வொன்றும் 380 குதிரைத்திறன் தந்தது. எடை ஏறத்தாழ 240 கிலோ. அதனுள்ளே பிஸ்டன்கள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. ஒவ்வொரு முறையும் ஓடி, நின்று, திரும்ப வேண்டும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு நிற்பதும் திரும்புவதுமாக இருந்தால் அதிர்வும் தேய்வும் மிகும். மேலும், உயரச் செல்லச் செல்லக் காற்றின் செறிவு குறைகின்றது. 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். காற்றைச் சுருக்கிச் செலுத்தும் துணைக்கருவி இருந்தால் ஓரளவு ஈடுகட்டலாம். ஆனால் எஞ்சினிலிருந்து மேன்மேலும் திறனைப் பிழிந்தெடுக்க முயன்றால் அதன் ஆயுள் குறைகின்றது. விமானப் பெட்ரோலும் உலகில் எல்லா இடத்திலும் எளிதில் கிடைப்பதன்று. மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த ஜெட் எரிபொருளோ பெரிய விமான நிலையங்கள் எங்கும் கிடைக்கும்.

இனி, புதிய எஞ்சினைக் காண்போம். கனடா நாட்டில், மான்ட்ரியால் நகருக்கு அருகே லாங்கேய் என்னும் ஊரில், பிராட் அண்டு விட்னி நிறுவனத்தின் கனடாக் கிளை இருக்கின்றது. பழைய பிஸ்டன் எஞ்சின்களுக்கு உறுப்புகள் செய்தும் அவற்றைப் பழுதுபார்த்தும் வந்த அக்கிளையில், 1950-களின் பிற்பகுதியில் ஓர் இளம் பொறியாளர் குழு சிறிய டர்பைன் எஞ்சின் ஒன்றை வடிவமைக்க முற்பட்டது. பி.டி.6 என்பது அதன் பெயர். 1960-இல் தரையில் ஓடிற்று. 1961 மே 30-ஆம் நாள், இரட்டை எஞ்சின் கொண்ட பீச் 18 விமானம் ஒன்றின் மூக்கிலே மூன்றாவது எஞ்சினாக அதனைப் பொருத்திப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். புதிய எஞ்சின் நின்றுபோனாலும் பழைய இரண்டு எஞ்சின்கள் காப்பாற்றும் என்பது ஏற்பாடு.

இந்த எஞ்சின் இயங்கும் முறையை வகுப்பறையில் இரண்டு மின்விசிறிகளைக் கொண்டே விளக்கலாம். நானும் அவ்வாறு விளக்கியிருக்கின்றேன். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்று பட்டு மற்றதும் சுழலத் தொடங்கும். இரண்டுக்கும் இடையே கம்பியும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. காற்று ஒன்றே தொடர்பு. பி.டி.6 எஞ்சினில் உள்ளே வரும் காற்று சுருக்கப்பட்டு, எரிபொருளோடு கலந்து எரிகின்றது. அந்த வெப்ப வாயு முதல் டர்பைனைச் சுழற்றுகின்றது; அந்த டர்பைன் காற்றைச் சுருக்கும் வேலைக்கே செலவாகின்றது. எஞ்சிய வாயு, தனித்து நிற்கும் இரண்டாவது டர்பைனைச் சுழற்றுகின்றது. அதுவே பல்சக்கரங்களின் வழியாக முன்னே உள்ள ப்ரொபெல்லர் என்னும் விசிறியைச் சுழற்றுவது. முதல் டர்பைன் நிமிடத்துக்கு 37,000 முறைக்கு மேல் சுழல, விசிறி 2,200 முறை அளவிலேயே சுழல்கின்றது. இன்னொரு புதுமையும் உண்டு. காற்று எஞ்சினின் பின்புறத்தில் நுழைந்து முன்னோக்கிச் செல்கின்றது. ஆதலால் புகைபோக்கிக் குழல்கள் விசிறிக்குச் சற்றுப் பின்னாலேயே இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஓடி நின்று திரும்பும் உறுப்பு ஒன்றும் இதில் இல்லை. எல்லாம் சுழல்பவை. ஆகவே அதிர்வு குறைவு, ஆயுள் மிகுதி. இவ்வகை எஞ்சின்கள் பலவற்றுக்கு 3,600 மணி நேரம் ஓடிய பின்னரே முழுப் பிரிப்புப் பழுதுபார்ப்பு விதிக்கப்பட்டிருக்கின்றது. எடையோ 130 கிலோவுக்கும் குறைவு. முதல் கிங் ஏரில் ஒவ்வோர் எஞ்சினும் 500 குதிரைத்திறன் தந்தது. அதாவது, எடை பாதி. திறன் முன்னிலும் மிகுதி.

பீச் கம்பெனியார் முதலில் குவீன் ஏர் உடலிலேயே இந்த எஞ்சின்களைப் பூட்டி, 1963 மே மாதம் முதல் பறக்கவிட்டுச் சோதித்தனர். அந்தச் சோதனையின் பயனே கிங் ஏர். அக்காலத்தில் அக்கம்பெனியின் தலைவராக இருந்தவர் ஆலிவ் ஆன் பீச் என்னும் பெண்மணியார். கணவர் வால்ட்டர் பீச் 1950-இல் மறைந்த பின்னர் அவரே பொறுப்பேற்று 1968 வரை தலைமை வகித்தார். கிங் ஏர் வரிசையில் இதுவரை 7,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டிருக்கின்றன.

எஞ்சின் மாறிற்று. இனி அதன் விளைவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் விளைவு உயரம். டர்பைன் எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. தாழப் பறந்தால் எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும். உயரே, காற்று மெலிந்த இடத்தில், அதன் செலவு குறையும். விமானத்தின் வேகமோ கூடும். ஆகவே இந்த எஞ்சினைப் பூட்டியவன் உயரப் பறந்தே தீரவேண்டும். பறந்தால் பயணிகள் மூச்சுக்கு என் செய்வது? விமான அறைக்குள் காற்றை அழுத்தி வைக்க வேண்டும். 18,000 அடி உயரத்தில் பறக்கும்போது அறைக்குள்ளே 8,000 அடி உயரத்தில் உள்ள அழுத்தத்தை நிலைநிறுத்துவதாகக் கொள்வோம். உள்ளுக்கும் வெளிக்கும் வேறுபாடு ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ மூன்றரைப் பவுண்டு. மிகச் சிறிது என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு சதுர அடியில் 144 சதுர அங்குலம் உண்டு. பெருக்கிப் பார்த்தால் 504 பவுண்டு, அதாவது 229 கிலோ வருகின்றது. நான்கு அடி உயரமும் இரண்டு அடி அகலமும் உள்ள கதவு ஒன்றை உள்ளிருந்து 1,800 கிலோ எடை தள்ளிக்கொண்டே இருக்கின்றது.

இவ்வாறு ஊதப்பட்ட உடலில் சதுரத் துளை இட்டால், அதன் மூலைகளில் தகைவு குவியும். ஒவ்வொரு பயணத்திலும் உடல் சற்றே விம்மிச் சுருங்குவதால், அம்மூலையில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றிப் பெருகும். பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு 1954-இல் வானிலேயே சிதறியபோது, உடலில் இட்ட துளைகளின் மூலைகளில் பிறந்த உலோகச் சோர்வு விரிசல்களே காரணம் என்று ஆராய்ச்சியில் தெரியவந்தது. வட்டத்துக்கு மூலை இல்லை. கிங் ஏரின் சாளரம் வட்டமானதன் காரணம் இதுவே. எஞ்சின் உயரத்தைக் கேட்டது. உயரம் அழுத்தத்தைக் கேட்டது. அழுத்தம் வட்டத்தைக் கேட்டது.

இரண்டாவது விளைவு சமநிலை. நம் ஊர் மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவோர் நன்கு அறிந்த செய்தி இது. முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். விமானத்துக்கும் முன்பாரம், பின்பாரம் உண்டு. எல்லா எடையும் கூடி நிற்பதாகக் கருதும் ஈர்ப்பு மையம், இறக்கைக்கு அருகே ஒரு குறுகிய எல்லைக்குள் அமைந்திருக்க வேண்டும். அந்த எல்லை இத்தகைய விமானங்களில் பெரும்பாலும் அரை மீட்டர்கூட இராது.

240 கிலோ எஞ்சினை எடுத்துவிட்டு அதே இடத்தில் 120 கிலோ எஞ்சினை வைத்தால் என்ன ஆகும்? முன்புறம் இலேசாகிவிடும், பின்பாரம் மிகுந்துவிடும். நெம்புகோல் விதி உங்களுக்குத் தெரியும். எடையையும் தொலைவையும் பெருக்கிய தொகை முன்போல் இருக்கவேண்டுமானால், எடை பாதியாகும்போது தொலைவு இரு மடங்காக வேண்டும். மையத்திலிருந்து ஒரு மீட்டர் முன்னால் இருந்த பழைய எஞ்சினுக்கு ஈடாக, புதியதை இரண்டு மீட்டர் முன்னால் வைக்க வேண்டும். எஞ்சின் மாற்றிய விமானங்கள் பலவற்றின் எஞ்சின் உறைகள் கொக்கின் மூக்குப்போல் நீண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது விளைவு பயணிகள் அறையைச் சார்ந்தது. கிங் ஏர் 90-இன் அறை நான்கரை அடி அகலமும், நான்கே முக்கால் அடி உயரமும் கொண்டது. வளர்ந்தவர் எவரும் அதில் நிமிர்ந்து நிற்க இயலாது. இந்தச் சிறு கூடத்தில் இருக்கைகளை எவ்வாறு அமைப்பது? வழக்கமான அமைப்பு, நான்கு நாற்காலிகளை இரண்டிரண்டாக எதிரெதிரே இட்டு, நடுவே மடிப்பு மேசை வைப்பது. அலுவலர்கள் பேசிக்கொண்டும் எழுதிக்கொண்டும் செல்லலாம். அதற்குப் பின்னால் ஓரிரு இருக்கைகள், கழிப்பிடம், பெட்டி வைக்கும் இடம். நோயாளியைக் கொண்டு செல்வதாயின் நாற்காலிகளைக் கழற்றிவிட்டுத் தூக்குப்படுக்கையைப் பொருத்துவார்கள்.

திறன் மிகுந்த எஞ்சின் வந்துவிட்டதே, இன்னும் இரண்டு நாற்காலி போட்டால் என்ன என்று உரிமையாளருக்கு ஆசை பிறக்கும். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பயணிகளுக்கும் எரிபொருளுக்குமாக 1,000 கிலோ ஒதுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். பயணி ஒருவர் பெட்டியோடு 90 கிலோ. மணிக்கு 200 கிலோ எரிபொருள் செலவு. எதிர்பாராத தாமதத்துக்கென்று முக்கால் மணி நேரத்துக்கான 150 கிலோவைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். ஆறு பேர் ஏறினால் 540 கிலோ போக, எரிபொருளுக்கு 460 கிலோ மிஞ்சும். சேமிப்பைக் கழித்தால் 310 கிலோ. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் பறக்கலாம். எட்டுப் பேர் ஏறினாலோ, சேமிப்புப் போக மிஞ்சுவது 130 கிலோ. நாற்பது நிமிடங்கூடப் பறக்க முடியாது. இரண்டு நாற்காலிகள் பயணத்தின் நீளத்தைப் பாதிக்கும் குறைவாக வெட்டிவிட்டன!

நாற்காலியின் இடத்துக்கும் கணக்கு உண்டு. 4,000 கிலோ எடையுள்ள விமானத்தில் 90 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு மீட்டர் பின்னால் நகர்ந்து அமர்ந்தால், ஈர்ப்பு மையம் நாலரைச் சென்டிமீட்டர் பின்னால் நகரும். நான்கு பேர் நகர்ந்தால் 18 சென்டிமீட்டர். சிறு விமானத்தில் விமானி, ‘ஐயா, நீங்கள் முன் இருக்கையில் அமருங்கள்’ என்று கேட்டுக்கொள்வது உபசாரத்துக்காக மட்டுமன்று.

இந்தக் கணக்கு தவறினால் என்ன நேரும் என்பதற்குத் துயரமான சான்று ஒன்று உண்டு. கிங் ஏர் குடும்பத்திலிருந்து வளர்ந்த பீச் 1900 என்பது 19 பயணிகள் அமரும் விமானம். 2003 ஜனவரி 8-ஆம் நாள், அமெரிக்காவின் சார்லட் நகர விமான நிலையத்திலிருந்து ஏர் மிட்வெஸ்ட் நிறுவனத்தின் பீச் 1900 விமானம் ஒன்று புறப்பட்டது. ஏறிய சிறிது நேரத்தில் மூக்கு செங்குத்தாக நிமிர்ந்து விழுந்தது. அதிலிருந்த 21 பேரும் மாண்டனர். விசாரணையில் இரண்டு காரணங்கள் தெரிந்தன. மூக்கை ஏற்றவும் இறக்கவும் உதவும் வால் தகட்டின் கம்பிவடம் பராமரிப்பின்போது தவறாகச் சரிசெய்யப்பட்டிருந்தது. ஆகவே மூக்கை இறக்க விமானிக்குப் போதிய ஆற்றல் இல்லை. ஈர்ப்பு மையமும் அனுமதித்த எல்லையைக் கடந்து பின்னால் சென்றிருந்தது. ஏட்டிலே சராசரி எடை என்று எழுதி வைத்திருந்த எண்ணைவிடப் பயணிகள் உண்மையில் கனமாக இருந்தனர். அதன் பின்னர் அமெரிக்க விமானத்துறை அந்தச் சராசரி எண்ணை உயர்த்தியது. தேர்வுத்தாளில் எடையைத் தவறாக எழுதினால் மதிப்பெண் போகும். இங்கே போனவை உயிர்கள்.

நான்காவது விளைவு, ஓர் எஞ்சின் நின்றுபோகும் வேளையில் வெளிப்படும். இரட்டை எஞ்சின் என்றால் இரட்டைப் பாதுகாப்பு என்று எண்ணுகின்றோம். ஆனால் ஓர் எஞ்சின் நின்றால் மற்றது விமானத்தை ஒரு பக்கமாகத் திருப்பும். வாலிலுள்ள சுக்கான் அதனை எதிர்த்து நேராக்க வேண்டும். வேகம் குறைந்தால் சுக்கானின் பிடியும் குறையும். எஞ்சினின் திறன் பெருகப் பெருக, திருப்பும் விசையும் பெருகும். அதனைத் தாங்கச் சுக்கானுக்கு அதிக வேகமோ அதிகப் பரப்போ வேண்டும். ஆகவே இறக்கையில் எஞ்சினை மாற்றியவன் வாலையும் மறுபடி கணக்கிட வேண்டும்.

பைப்பர் கம்பெனியாரின் ‘நவஹோ’ விமானத்திலிருந்து பிறந்த ‘செயென்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1969-இல் முதன்முதலாகப் பறந்த அதற்கு 620 குதிரைத்திறன் கொண்ட டர்போப்ராப் எஞ்சின்கள் இரண்டு. வேகம் குறைவாகவும் பாரம் பின்னாலும் உள்ள நிலையில் அதன் நிலைப்பு போதவில்லை என்று கண்டு, விமானியின் கைக்குத் தெரியும் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி ஒன்றை அதில் சேர்க்க நேர்ந்தது.

ஐந்தாவதாக, உலோகத்தின் வயது. பிரிட்டனில் 1945-இல் பிறந்த ‘டவ்’ என்னும் இரட்டை எஞ்சின் விமானத்தைக் கலிபோர்னியாவில் ஒரு பட்டறையார் மாற்றி அமைத்தனர். உடலை ஏழு அடிக்கு மேல் நீட்டி, பிஸ்டன் எஞ்சின்களை எடுத்துவிட்டு காரெட் டர்போப்ராப்களைப் பூட்டி, 18 பயணிகளுக்கு இடம் செய்தனர். 1966-இல் அது பறந்தது. அவ்வாறு மாற்றிய விமானம் ஒன்று 1971 மே 6-ஆம் நாள் அரிசோனா மாநிலத்தில் கூலிட்ஜ் என்னும் ஊருக்கு அருகே வலது இறக்கை பிரிந்து விழுந்தது. 12 பேர் மாண்டனர். இறக்கை உடலோடு சேரும் இணைப்பில் உலோகச் சோர்வு விரிசல் இருந்ததே காரணம் என்று கண்டனர். எஞ்சின் புதிதாயிருக்கலாம், இருக்கை புதிதாயிருக்கலாம், இறக்கையைத் தாங்கும் எலும்பு எத்தனை முறை வளைந்து நிமிர்ந்ததோ அத்தனை வயது அதற்கு ஆகிவிட்டது. மேற்பூச்சு அந்த வயதைக் குறைப்பதில்லை. ஆகவேதான் இறக்கையின் வேர்களைக் குறித்த காலத்தில் பிரித்தும் கதிர்ப்படம் எடுத்தும் பார்க்கும் வழக்கம் இன்றியமையாததாகின்றது.

இத்தனை விளைவுகளும் இருப்பதால்தான், ஒருவர் தம் விமானத்தில் தாம் விரும்பிய எஞ்சினைப் பூட்டிக்கொள்ள அரசு விடுவதில்லை. அமெரிக்காவில் ‘துணை வகைச் சான்றிதழ்’ என்னும் ஒப்புதல் வேண்டும். எடை, சமநிலை, ஓர் எஞ்சின் நின்ற நிலையில் பறக்கும் திறம், எரிபொருள் குழாய், தீத்தடுப்பு ஆகிய எல்லாவற்றையும் கணக்கிட்டும் பறந்தும் காட்டினால்தான் அது கிடைக்கும். நாற்காலிக்குங்கூட விதி உண்டு. பழைய விதிப்படி, மோதலில் முன்னோக்கி எடையின் ஒன்பது மடங்கு விசையை அது தாங்க வேண்டும். அதில் அமர்பவர் 80 கிலோ என்றால், 720 கிலோ இழுத்தாலும் தரையிலுள்ள பிடிப்பு பெயரக் கூடாது. வீட்டு நாற்காலியைக் கொண்டுபோய் வைக்க இயலாதன்றோ?

அப்படியானால் இம்மாற்றங்கள் வேண்டாதவையா? அவ்வாறு நான் கூறவில்லை. விசிட்டாவில் வெற்றி பெற்றதற்குக் காரணம், எஞ்சினை மட்டும் மாற்றாமல், அது கேட்ட மற்ற மாற்றங்களையும் செய்ததே. அழுத்தம் தாங்கும் உடல், வட்டச் சாளரம், நீண்ட எஞ்சின் உறை, எரிபொருள் இடம், இருக்கைக் கணக்கு ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. பிற்காலத்தில் பட்டறையார் செய்த மாற்றங்களிலும் இந்தப் பொருத்தத்தைக் கண்டவையே நிலைத்தன.

மாணவர்களே! பொறியியல் கற்கச் செல்பவர் உங்களில் பலர் இருப்பீர்கள். ஓர் உறுப்பைத் திருத்த நேரும்போது, அதன் எடை எங்கே விழுகின்றது, அதன் விசையை யார் தாங்குவது, அது எதனைப் புதிதாகக் கேட்கும் என்னும் மூன்று வினாக்களையும் தாளில் எழுதி விடை காணுங்கள். இன்று நான் போட்ட கணக்குகளை நீங்களே மறுபடி போட்டுப் பாருங்கள். பயணியின் எடையை 90-க்குப் பதில் 100 என்று கொண்டு, ஆறு பேரோடு எத்தனை நிமிடம் பறக்கலாம் என்று காணுங்கள். அடுத்த முறை ஒரு சிறு விமானத்தை அருகிலோ படத்திலோ காணும்போது, விசிறிக்குப் பின்னால் புகைக்குழல் இருக்கின்றதா, எஞ்சின் உறை நீண்டிருக்கின்றதா, சாளரம் வட்டமா சதுரமா என்று நோக்குங்கள். உள்ளே ஏறாமலே அதன் வரலாற்றில் ஒரு பகுதியை அறிந்துகொள்வீர்கள்.